எந்த அளவில், எதனோடு ஒப்பிட்டு

சிங்கப்பூர்ச் சந்தைகளில் விற்கும் 27 வகைப் பழங்களை வாங்கி, எதில் ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றல் அதிகம் என்று அளந்து பார்த்தார்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் உணவறிவியல் ஆய்வாளர்கள் லியோங் லாய் பெங்கும் சுவெய் குவாங்ஹோவும். முடிவு 2002இல் வெளியானது. ஆரஞ்சும் கிவியும் முன்னால் நிற்கும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். முதலிடத்தில் வந்தது சிக்கு. தமிழ்நாட்டில் சப்போட்டா என்கிறோமே, அதே பழம். அதன் பின்னே ஸ்ட்ராபெரி, பிளம், நட்சத்திரப்பழம், கொய்யா. கடைசி வரிசையில் தர்ப்பூசணியும் தேங்காய்த் தண்ணீரும். நூறு கிராம் சிக்குச் சதை, ஏறக்குறைய 3,400 மில்லிகிராம் வைட்டமின் சி செய்யும் வேலையைச் சோதனைக் குழாயில் செய்து காட்டியது. ஆனால் அந்த ஆற்றலில் வைட்டமின் சியின் பங்கு வெறும் 0.06 விழுக்காடு. ரம்புத்தானிலோ அதே பங்கு 70 விழுக்காடு. சோதனை ஒன்று, அலகும் ஒன்று. இரண்டு பழங்களிலும் வேலை செய்த பொருள்தான் வேறு.

இரண்டு ஆண்டு கழித்து அதே குழு சிக்குவை மட்டும் எடுத்துக்கொண்டு மேலும் துருவியது. ஆற்றலுக்குக் காரணம், கேட்டிச்சின், கேலோகேட்டிச்சின் அலகுகள் சங்கிலியாகக் கோத்த பாலிஃபீனால்கள் என்று தெரிந்தது. பழத்தை வைத்திருக்க வைத்திருக்க அந்த அளவு மளமளவெனச் சரிந்தது. நாக்குக்கு இது முன்பே தெரியும். காயாக இருக்கும் சிக்குவைக் கடித்தால் வாயெல்லாம் துவர்த்து இழுக்கும். கனிந்து குழைந்ததும் துவர்ப்பு போய் இனிப்பு மட்டும் மிஞ்சும். பாலிஃபீனால்கள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதைத்தான் நாம் பெரும்பாலும் துவர்ப்பாக உணர்கிறோம். ஆக, சிக்குவின் ஆன்டிஆக்சிடன்ட் அளவு இவ்வளவு என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. எவ்வளவு கனிந்த பழம், பறித்து எத்தனை நாள் ஆயிற்று, எந்தத் திரவத்தில் பிரித்தெடுத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்த எண்ணுக்குப் பொருள் வருகிறது.

நான் குடியிருக்கும் ஈசூனில் இந்தக் கேள்விகளுக்கு அன்றாடத் தேவை இருக்கிறது. ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுச் செல்வந்தரான லிம் நீ சூனின் பெயரைத் தாங்கிய வட்டாரம் இது. தோட்டங்கள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டாலும் செடி வளர்க்கும் ஆசை போகவில்லை. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது; புளோக்குகளுக்குக் கீழே முருங்கை, கறிவேப்பிலை, பாண்டான், துளசி, நுணா என்று வரிசை கட்டி நிற்கின்றன. 2010இல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனையின் மாடியில்கூடக் காய்கறித் தோட்டம் உண்டு. செடியைப் பார்த்தவுடன் அது எதற்கு நல்லது என்ற பேச்சு வந்துவிடும். பள்ளி ஆய்வுக்கூடங்களில் அந்தப் பேச்சையே திட்டப்பணியாக எடுத்துக்கொள்கிறார்கள். வெப்பமண்டலச் செடிகளின் சாற்றில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் உண்டா, பாக்டீரியாவைத் தடுக்கும் ஆற்றல் உண்டா என்று சோதிப்பது சிங்கப்பூர் மாணவர்களுக்கு நன்கு பழகிய தலைப்பு. செலவு அதிகம் இல்லை, செடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, முடிவு கண்ணுக்குத் தெரிகிறது.

கண்ணுக்குத் தெரிவது என்னவென்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். இலையை உலர்த்திப் பொடித்து, தண்ணீரிலோ எத்தனாலிலோ மெத்தனாலிலோ ஊறவைத்து வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கினால் பிசுபிசுப்பான பச்சைப் பழுப்புச் சாறு மிஞ்சும். டிபிபிஹெச் என்ற வேதிப்பொருளின் கரைசல் ஆழ்ந்த ஊதா நிறம். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இணை சேராத எலெக்ட்ரான் ஒன்று தனித்து நிற்கிறது. நிறத்துக்கு அதுவே காரணம். சாற்றைத் துளித்துளியாகச் சேர்க்கும்போது அதிலுள்ள பாலிஃபீனால்கள் ஹைட்ரஜனைக் கொடுக்க, ஊதா வெளுத்து மஞ்சளாகிறது. எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிமானி அளந்து சொல்லும். மார்ஸ்டன் பிளோயிஸ் 1958இல் விவரித்த முறை இது. 1996இல் பென்சியும் ஸ்ட்ரெயினும் கொண்டுவந்த ஃபிராப் முறையில், சாறு இரும்பு அயனிக்கு எலெக்ட்ரான் கொடுக்கும்போது நீலம் தோன்றும். மொத்த ஃபீனால் அளவைப் பார்க்க ஃபோலின் வினைபொருள் உதவும். ஆனால் அது வைட்டமின் சியோடும் சில சர்க்கரைகளோடும் புரதங்களோடும்கூட வினைபுரியும். எனவே அந்த எண்ணை ஃபீனால்களின் கணக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் சமையலறையிலும் இதே வேதியியல் நடக்கிறது. நறுக்கிய வாழைப்பூவை உடனே மோரில் போடுகிறோம். வெட்டுப்பட்ட இடத்தில் பாலிஃபீனால்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கறுத்துப்போகும். அதை விரைவுபடுத்தும் நொதியை மோரின் புளிப்பு அடக்கிவைக்கிறது. சாறு எடுக்கும் மாணவர் இலையை அரைத்துவிட்டு மதிய உணவுக்குப் போய்த் திரும்பினால், அவர் அளக்கவேண்டிய பொருளில் ஒரு பகுதி அதற்குள் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும். அரைத்தது எப்போது, அளந்தது எப்போது என்று அறிக்கையில் எழுதிவைப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்த ஒரு வரி இல்லாததால் பயனற்றுப்போன ஒப்பீடுகள் ஏராளம்.

இந்த வட்டாரச் செடிகளைப் பற்றிய அறிவு புதிதல்ல. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஐசக் பர்க்கில், பினாங்குத் தோட்டத்தில் பணியாற்றிய முகமது ஹனிஃபோடு சேர்ந்து மலாய்க் கிராம வைத்தியத்தை 1930இல் பதிவு செய்தார். மலாயாத் தீபகற்பத்தின் பயன்தரும் பொருள்கள் பற்றிய அவருடைய அகராதி 1935இல் வந்தது. எந்தச் செடியை எந்த நோய்க்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று அறிய இன்றைக்கும் ஆய்வாளர்கள் முதலில் புரட்டுவது இவற்றைத்தான். அந்தப் பதிவுகளின் அருமை, சொன்னதைச் சொன்னபடி எழுதியதில் இருக்கிறது. சோதனை பிற்பாடு வந்தது. மலாய்க்காரர்கள் பச்சையாகவே உண்ணும் உலாம் ராஜா கீரையை லியோங்கின் குழு 2005இல் ஆராய்ந்தபோது, நூறு கிராமுக்குச் சுமார் 2,400 மில்லிகிராம் வைட்டமின் சிக்கு இணையான ஆற்றலும் இருபதுக்கும் மேற்பட்ட ஆன்டிஆக்சிடன்ட் பொருள்களும் தென்பட்டன. அடுத்த ஆண்டு அதே துறையினர் உண்ணத்தக்க 25 வெப்பமண்டலச் செடிகளை டிபிபிஹெச், ஃபிராப் இரண்டாலும் சோதித்து வெளியிட்டார்கள்.

பாக்டீரியாச் சோதனைக்கு வந்தால் கதை கடினமாகிறது. இங்கே பழக்கமான முறை, தட்டில் வட்டம் விழுகிறதா என்று பார்ப்பது. அகர் ஊற்றி உறையவைத்த தட்டில் பாக்டீரியாவைச் சீராகப் பூசி, சாற்றில் நனைத்த 6 மில்லிமீட்டர் காகித வில்லைகளை வைத்து, ஏறக்குறைய 35 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு விடுவார்கள். மறுநாள் தட்டு முழுவதும் வெண்படலம் படர்ந்திருக்க, சில வில்லைகளைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் தெரியும். அந்த வளையத்தைப் பார்த்ததும் பொங்கும் மகிழ்ச்சி எந்த வயதிலும் குறைவதில்லை. அதே நேரத்தில் மனம் தடுமாறுவதும் அங்கேதான்.

வளையம் பெரிதாக இருந்தால் சாறு வலிமையானது என்று முடிவுகட்ட முடியாது. அகருக்குள் எளிதில் பரவும் சின்ன மூலக்கூறு, ஆற்றல் குறைவாக இருந்தாலும் பெரிய வளையம் தரும். எண்ணெய்த்தன்மை கொண்ட வலிய பொருள் வில்லையை விட்டு நகராமல் சிறு வளையத்தோடு நின்றுவிடும். கலமான்சிச் சாறு பாக்டீரியாவைத் தடுத்தால், தடுத்தது அதன் புளிப்பா வேறு ஏதேனும் பொருளா என்று அறிய அமிலத்தைச் சமன்செய்து மறுபடியும் பார்க்க வேண்டும். எத்தனாலில் எடுத்த சாறென்றால், எத்தனாலை மட்டும் நனைத்த வில்லை ஒன்றும் அதே தட்டில் இருந்தாக வேண்டும். அது இல்லாத சோதனையை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இதைவிட முக்கியமானது அளவு. சாற்றைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போய், எந்தச் செறிவு வரை பாக்டீரியாவின் வளர்ச்சி நிற்கிறது என்று கண்டால் அதுவே குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு. சோதனைக்கூடங்கள் அளவுகோலாக வைத்திருக்கும் ஈ. கோலை வகையை நிறுத்த, ஜென்டாமைசின் மருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 0.25 முதல் 1 மைக்ரோகிராம் போதும். பச்சைச் சாறு ஒன்றுக்கு அதே வேலையைச் செய்ய ஒரு மில்லிகிராம் வேண்டியிருந்தால், அது குறைந்தது ஆயிரம் மடங்கு. அதற்கும் மேலான செறிவில் கிடைக்கும் முடிவுகளுக்குப் பொருளில்லை என்பது இத்துறையின் மதிப்பீட்டாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது. நூறு மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்யும் சாறு கிடைத்தால் அதைப் பின்தொடர்வது தகும். வளையத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் மட்டும் சொல்லும் அறிக்கையில் இந்தச் செய்தி எங்கும் இருக்காது.

ரோஜாக்கிலும் லக்சாவிலும் பொடியாக நறுக்கிப் போடும் இளஞ்சிவப்பு இஞ்சிப்பூவின் குடும்பம் ஒரு நல்ல உதாரணம். மலேசியாவில் சான், லிம் யாவ் யான் குழுவினர் இக்குடும்பச் செடிகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். எல்லோரும் கிழங்கைத்தான் மருந்தாக எண்ணுவார்கள்; அவர்கள் அளந்தபோது இலையில்தான் ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றல் கூடுதலாக இருந்தது. மலைப்பகுதியில் வளர்ந்தவற்றில் சமவெளியில் வளர்ந்தவற்றைவிட அதிகம். இலைச்சாறு கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களைத் தடுத்தது. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களிடம் எடுபடவில்லை. செடிச்சாறுகளைச் சோதிக்கும் எவரும் இந்த முடிவை மீண்டும் மீண்டும் சந்திப்பார்கள். தோலில் கொப்புளம் உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் முதல் வகை; ஈ. கோலை இரண்டாம் வகை. இரண்டாம் வகைக்குச் செல்சுவரின் வெளியே இன்னொரு சவ்வு உண்டு. அதையும் மீறி நுழைந்த நச்சை வெளியே தள்ளும் புரதப் பம்புகளும் அதற்குள் உண்டு. ஆகவே ஸ்டாஃபிலோகாக்கஸ் மட்டும் பூசிய தட்டைக் காட்டி, இந்தச் சாறு பாக்டீரியாவைக் கொல்லும் என்று பொதுவாகச் சொன்னால் பாதிச் செய்திதான்.

பாக்டீரியாவின் இந்தப் பம்புகளைச் செடிகள் எப்படிச் சமாளிக்கின்றன? 2000ஆம் ஆண்டில் ஸ்டெர்மிட்ஸ், லூயிஸ் குழுவினர் காட்டியது என்னை இன்றளவும் வியக்கவைக்கிறது. மரமஞ்சள் குடும்பச் செடிகள் பெர்பெரின் என்ற மஞ்சள் ஆல்கலாய்டைச் செய்கின்றன. அது தனியாக ஸ்டாஃபிலோகாக்கஸைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அந்த வகையிடமும் உள்ள பம்பு அதை வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் அதே செடியில் மெத்தாக்சிஹிட்னோகார்ப்பின் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. அது பாக்டீரியாவைக் கொல்வதில்லை, பம்பை மட்டும் அடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பெர்பெரின் உள்ளே தங்கி வேலையைக் காட்டுகிறது. இந்த இரண்டாம் பொருள் அதற்கு முன்பே, தொழுநோய்க்குப் பூசிய மரவெட்டி எண்ணெயில் சிறிதளவு இருப்பதாகத் தெரிந்திருந்தது. சாற்றைப் பிரித்துப் பிரித்துத் தூய பொருளாக்கும்போது ஆற்றல் மறைந்துபோவதற்கு இத்தகைய கூட்டுவேலை ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே பெர்பெரினுக்குச் சிங்கப்பூரில் வேறொரு வரலாறும் உண்டு. சீன வைத்தியத்தில் ஹுவாங்லியான் எனப்படும் வேரில் இது நிறைய இருக்கிறது; பிறந்த குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் அதைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஜி6பிடி நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை முற்றி மூளையைத் தாக்குவதைக் கண்ட குழந்தை மருத்துவர்கள், அவர்களில் முன்னோடியான பேராசிரியர் வோங் ஹாக் பூன், காரணங்களைத் தேடினார்கள். 1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்த நொதியைச் சோதிக்கிறார்கள். பாச்சை உருண்டையைக் குழந்தையின் துணியருகே வைக்காதீர்கள் என்று இங்குள்ள ஒவ்வொரு தாய்க்கும் தாதியர் சொல்லி அனுப்புவது இதனால்தான். 1978இல் பெர்பெரின் தடைசெய்யப்பட்டது. பெர்பெரின், காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபினை இரத்தப் புரதத்திலிருந்து விலக்கிவிடும் என்பதைப் பின்னாளில் எலிகளிடம் காட்டினார்கள். சான்றுகளை மறுபடி ஆராய்ந்த பிறகு 2010களில் தடை படிப்படியாகத் தளர்த்தப்பட்டது.

உடலுக்குள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது என்றால் என்ன என்பதையும் இந்த நொதியே காட்டிக்கொடுக்கிறது. சிவப்பணு தன்னைக் காத்துக்கொள்ள குளூட்டத்தயோனை ஓயாமல் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தேவையான பொருளைத் தருவது ஜி6பிடி. கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் போன்ற மற்ற நொதிகளும் உடன் உழைக்கின்றன. நாம் விழுங்கும் பாலிஃபீனால்களோ குடலிலும் கல்லீரலிலும் உருமாறி, மிகக் குறைந்த அளவிலேயே இரத்தத்தில் சேர்கின்றன. குழாயில் ஊதா வெளுத்த வேகத்துக்கும் உடலில் நடப்பதற்கும் நேரான கணக்கு இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடத்திய பெரும் ஆய்வு 1994இல் வெளிவந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் எண்களைத் தொகுத்துவைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, நிறுவனங்கள் அவற்றை விளம்பரத்துக்கு முறைகேடாகப் பயன்படுத்துவதாகவும் உடல்நலத்தோடு அவற்றுக்கு நேரான தொடர்பு இல்லை என்றும் சொல்லி 2012இல் அந்தப் பட்டியலை விலக்கிக்கொண்டது. சிங்கப்பூர்ப் பட்டியலில் நான்காம் இடத்தில் இருந்த நட்சத்திரப்பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது விக்கலில் தொடங்கி மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். அதற்குக் காரணமான கேரம்பாக்சின் என்ற நச்சு 2013இல் அடையாளம் காணப்பட்டது. நீரிழிவால் சிறுநீரகம் கெட்டு இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்கள் ஏராளமாக உள்ள ஊரில் இது ஏட்டுச் செய்தி அல்ல.

தமிழர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமானது வேப்பெண்ணெய். பாக்டீரியா, பூஞ்சை, பூச்சி என எல்லாவற்றுக்கும் எதிராக வேம்பின் பொருள்கள் தட்டிலும் குழாயிலும் நன்றாகவே வேலை செய்கின்றன. மலேசியாவில் இந்தியக் குடும்பங்கள் கைக்குழந்தைக்குச் சளி, மந்தம் என்றால் வேப்பெண்ணெய் புகட்டுவது வழக்கமாக இருந்தது. வாந்தி, மயக்கம், வலிப்பு, கல்லீரலில் கொழுப்பு ஏறுதல் என்று சில குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அது வேப்பெண்ணெயின் நச்சு என்று டி. சின்னையாவும் ஜி. பாஸ்கரனும் 1981இல் லான்செட் இதழில் எழுதினார்கள். கொடுத்தவர்கள் அன்பினால் கொடுத்தவர்கள். அதனாலேயே அந்தக் கட்டுரையை நம் வீடுகளில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழில் அது போதிய அளவு பேசப்படவில்லை.

பச்சை மூலிகை பயன்படுத்தும் 200 பேரிடம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினர் எடுத்த கணக்கெடுப்பு 2014இல் வெளியானது. நூற்றுக்கும் மேற்பட்ட செடிகள் புழக்கத்தில் இருந்தன. முன்னணியில் இருந்தது பெலாலாய் காஜா என்ற சாபா பாம்புப்புல். தாய்லாந்தில் தோல் கொப்புளங்களுக்குக் களிம்பாகப் பூசும் இந்தச் செடி, இங்கே புற்றுநோய்க்கு மருந்து என்ற பேச்சோடு தொட்டிக்குத் தொட்டி பரவியது. நோயாளியின் வீட்டார் ஒரு கட்டு இலையை நீட்டும்போது மறுத்துப் பேசுவது எளிதல்ல. குழாயில் புற்றுச் செல்லைத் தடுத்தது என்ற ஒற்றை வாக்கியத்துக்கு எந்த அளவில், எதனோடு ஒப்பிட்டு என்ற இரண்டு கேள்விகளும் பொருந்தும்.

ஆகவே ஈசூன் மாணவர்கள் இந்தச் சோதனைகளைச் செய்யவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எதிர்ப்பு மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்கச் சிங்கப்பூர் 2017இல் தேசியச் செயல்திட்டம் வகுத்திருக்கும் காலம் இது. புதிய மூலக்கூறு எங்கிருந்து வந்தாலும் தேவைதான். ஆனால் ஒரே ஆண்டில் பத்துச் செடிகளைத் தொட்டுப் பார்ப்பதைவிட, தேக்கா சந்தையில் வாங்கும் கறிவேப்பிலையும் புளோக்குக்குக் கீழே பறிக்கும் கறிவேப்பிலையும் என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். செடியின் கிளையை உலர்த்தி, பறித்த நாளும் இடமும் எழுதி ஒட்டிவைக்கலாம். தண்ணீரிலும் எத்தனாலிலும் தனித்தனியாகச் சாறு எடுத்து, இளந்தளிரையும் முற்றிய இலையையும் பிரித்து, கிராம் வகை இரண்டுக்கும் எதிராகச் செறிவைக் குறைத்துக்கொண்டே போகலாம். பக்கத்திலேயே அறிந்த மருந்து ஒன்றும் வெறும் கரைப்பானும் இருக்கட்டும். கறிவேப்பிலைச் சாறு ஈ. கோலையை ஒரு மில்லிகிராமில்கூடத் தொடவில்லை என்று முடிவு வந்தால், அதையும் அட்டவணையில் அப்படியே எழுதி, வளையம் விழாத தட்டின் படத்தையும் சேர்த்து, அடுத்த ஆண்டு அதே மேசைக்கு வரும் மாணவர்களிடம் கொடுக்கலாம்.